நான் கொடுத்த திங்கட்கிழமைகள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நான் இருந்த லோடு இறக்கும் செட்டில் ஆறு பேர். எங்களில் யாரும் ஒரு பொருளின் விலையை ரூபாயில் சொன்னது கிடையாது. லாரியில்தான் சொல்வோம். பொங்கலுக்கு எடுத்த சட்டை இரண்டு லாரி. வீட்டு வாடகை பத்து லாரி. மிக்ஸி இருபது லாரிக்கு மேலே போகும் என்பதால் யார் வீட்டிலும் மிக்ஸி இல்லை. ஒரு லாரி என்றால், அதில் வந்த கம்பியையோ தகட்டையோ ஆறு பேரும் சேர்ந்து இறக்கிக் கடைக்குள் அடுக்கி முடிப்பது. கூலி டன் கணக்கில் வரும். சாயங்காலம் மேஸ்திரி அதை அன்றைக்கு வந்தவர்களுக்குள் சமமாகப் பிரித்துக் கொடுப்பார். வராதவனுக்குப் பங்கு இல்லை.

செட்டில் வயதில் மூத்தவர் வண்ணாரப்பேட்டைக்காரர். அவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். யார் எதைப் புதிதாக எடுத்து வந்தாலும் அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "எத்தினி லாரி?" என்று கேட்பார். ஒருவன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தான். "நாலு லாரி எறக்கி இத்த வாங்கிகினியே, இதுல மணி பாக்கறதுக்கு உனக்கு நேரம் எங்கடா கீது" என்று கேட்டு, அவனை அந்த வாரம் முழுக்கச் சும்மா விடவில்லை.

இந்தப் பழக்கத்தை நான் இன்றும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ரூபாய் என்று சொன்னால் அது எங்கிருந்தோ வந்த மாதிரி இருக்கும். லாரி என்று சொன்னால் அதில் நம் தோளும் இடுப்பும் எவ்வளவு போயிற்று என்று உடனே தெரியும். என் நேரத்துக்கு என்ன விலை என்பதையும் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். எல்லா மணி நேரமும் ஒரே விலை கிடையாது. லாரி வராமல் நாங்கள் நிழலில் குந்திக்கொண்டிருக்கும் நேரத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றால் எனக்கு அது இலவசம். லாரி வந்து நிற்கும்போது அதே வரிசையில் நின்றால் அந்த மண்ணெண்ணெய் கடையில் விற்பதைவிட இரண்டு மடங்கு விலை. நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் இந்தக் கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லா நாளிலும் விலை உயர்ந்தது திங்கட்கிழமை. ஞாயிறு மார்க்கெட் லீவு. சனி ராத்திரியிலிருந்து வந்த லாரிகள் எல்லாம் மணலி சாலையில் வரிசை கட்டி நிற்கும். திங்கள் ஒரு நாள் வேலை செய்தால் மற்ற இரண்டு நாள் சம்பாதிப்பது கைக்கு வரும். ஜுரம் வந்தவன்கூட மாத்திரையைப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வந்துவிடுவான்.

பெரியவளே, அந்தச் சமயத்தில்தான் நீ பிறந்தாய்.

உன் இடது பாதம் உள்பக்கமாக மடங்கி இருந்தது. நேராகச் சொன்னால், நீ நின்றிருந்தால் உன் உள்ளங்கால் தரையைத் தொட்டிருக்காது. அது வலது காலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குதிகால் மேலே ஏறி, விரல்கள் எல்லாம் உள்ளே சுருண்டு, ஏதோ வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. நர்சம்மா துணியை விலக்கிக் காட்டினார்கள். உங்கள் அம்மா ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருந்தாள். அதனால் முதலில் பார்த்தது நான்தான். இரும்பு மார்க்கெட்டில் வளைந்த கம்பியைத் தினமும் பார்க்கிறவன் நான். அதை நிமிர்த்த வேண்டுமானால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு வைக்க வேண்டும். இரண்டும் உன் காலுக்கு ஆகாது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது புரிந்தது. உன்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பிறகு விசாரித்தோம். தெரிந்தவர்கள் சொன்னதன் பேரில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். பொறுமையான மனிதர். குழந்தைக்கு எட்டு ஒன்பது மாதம் ஆனதும் ஆபரேஷன் செய்துவிடலாம், ஒரே தடவையில் முடியும் என்றார். அவர் சொன்ன தொகையை நான் வெளியே வருவதற்குள் மனதில் லாரியாக மாற்றிவிட்டேன். உங்கள் அம்மாவின் கம்மலும் போய், நாலு மாதச் சம்பாத்தியமும் போகும். ஆனால் ஒரே தடவை. எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. காண்ட்ராக்ட் மாதிரி, பேசி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டர் வேறு மாதிரி சொன்னார். கத்தி வேண்டாம், வாரம் ஒரு தடவை மாவுக்கட்டு போட்டுப் போட்டே திருப்பிவிடலாம், இப்போதே ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஏழெட்டு வாரம் ஆகலாம். துட்டு எதுவும் இல்லை. ஒரு வாரத்தையும் விடக்கூடாது. இந்தக் கால் கிளினிக் வாரத்தில் ஒரே நாள்தான்.

எந்த நாள் என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் போட்ட கணக்கு இதுதான். ஆபரேஷன் என்றால் கம்மலும் நாலு மாதமும். கட்டு என்றால் ஏழெட்டுத் திங்கட்கிழமை. காசை மட்டும் பார்த்தால் கட்டுதான் மலிவு. ஆனால் செட்டில் என் இடம் இருக்கிறதே, அதை எந்தப் பக்கம் எழுதுவது? ஆறு பேர் வேலையை ஐந்து பேர் செய்தால் ஒவ்வொருவன் தோளிலும் அது ஏறும். அதுவும் திங்கட்கிழமை. வாரா வாரம் ஒருத்தனுக்காக யார் சுமப்பார்கள்? மார்க்கெட் வாசலில் இடம் கிடைக்குமா என்று தினமும் நாலு பேர் நின்றுகொண்டிருந்த காலம் அது.

உங்கள் அம்மாவைத் தனியாக அனுப்பவும் முடியாது. வயிற்றுத் தையல் ஆறவில்லை. கனம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பால் குடிக்கிற குழந்தையை நான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. இரண்டு பேரும்தான் போக வேண்டும்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், அதற்கு நடுவில் யோசித்துப் பதில் சொன்னார்.

"ரெண்டு திங்கள் பாக்கறேன் நைனா. அதுக்குள்ள உன் சம்சாரம் எந்திரிச்சிடும்ல? மூணாவது திங்கள் நீ வரலன்னா வேற ஆளு நிப்பான். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வாரம் நான் போவது, மூன்றாவது வாரத்திலிருந்து உங்கள் அம்மா மட்டும் போவது என்று முடிவாயிற்று. இரண்டு திங்கட்கிழமை நஷ்டத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் தைரியமாக இருந்தேன்.

முதல் திங்கட்கிழமை கொருக்குப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போனோம். ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. பெட்டி முடியவே இல்லை. மீட்டர் போடாத ஆட்டோவிலும் எனக்கு மீட்டர் ஓடுகிற மாதிரிதான் இருந்தது. இந்நேரம் இரண்டாவது லாரியில் ஏறியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்கு வெளியே ஒரு நீளமான வராந்தா. அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சுவர் ஓரமாக வரிசையாகத் தாய் தகப்பன்மார் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதில் வெந்நீர். போன வாரம் போட்ட கட்டை அந்தத் தண்ணீரில் ஊற வைத்து, அவர்களே மெல்ல மெல்லச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிடும்போது கால் கழுவித் தயாராக இருக்க வேண்டும் என்பது அந்த இடத்து வழக்கம். வராந்தா முழுக்க வெள்ளைத் தண்ணீர் ஓடியது. குழந்தைகள் அழுதார்கள், சிலது தூங்கின.

எனக்குக் கட்டுப் பிரிக்க வேலை இல்லை. முதல் நாள் ஆயிற்றே. அதனால் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைக்கு ஒரு கட்டுதான் ஆகியிருந்தது. அதன் கால் உன் காலைப் போலவேதான் இருந்தது, கொஞ்சம் மட்டும் தளர்ந்த மாதிரி. அடுத்த குழந்தைக்கு மூன்று. அதன் விரல்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மடியில் இருந்த பையனின் கட்டைப் பிரித்தாள். ஆறாவது வாரமாம். அந்தக் கால் வெளியே வந்தது. பாதம் நேராக, கொஞ்சம் வெளிப்பக்கமாகக்கூடத் திரும்பி இருந்தது. எந்தக் கால் கோணல் என்று அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எழுந்து அந்த வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு தடவை நடந்து பார்த்தேன். ஒரே காலை ஆறு திங்கட்கிழமைகளில் ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. வாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். வரும், போகும். கூலி வாங்கினோம், செலவழித்தோம், அவ்வளவுதான். அந்த வராந்தாவில் வாரங்கள் பக்கெட்டுக்குப் பக்கத்தில் சதையும் எலும்புமாக உட்கார்ந்திருந்தன.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். உன் பாதத்தை இடது கையில் வாங்கி, வலது கைக் கட்டை விரலால் கணுக்கால் பக்கத்தில் எதையோ தேடினார். கிடைத்ததும் அங்கேயே கட்டை விரலை ஊன்றி, மற்றக் கையால் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். திருப்பினார் என்று சொல்வதே அதிகம். தூங்கும் குழந்தை மூடி வைத்திருக்கும் கையைத் திறப்போமே, அந்த அளவு பலம்தான். நீ அழக்கூட இல்லை. அது எவ்வளவு போகிறதோ அவ்வளவு போகவிட்டு, அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். உதவிக்கு இருந்தவர் ஈர மாவுத் துணியைத் தொடை வரைக்கும் சுற்றினார். முடிந்தது. அடுத்த திங்கள் வாருங்கள் என்றார்கள்.

அந்த வாரம் உங்கள் அம்மா கட்டின் வாயில் தெரியும் விரல்களைத் தினமும் எண்ணிப் பார்ப்பாள். உள்ளே போய்விட்டால் கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம், உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நான் மார்க்கெட்டில் தகடு இறக்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அம்மா சோறு வடிக்கிறாள். நீ தூங்குகிறாய். யாருமே அந்தக் காலைத் தொடவில்லை. ஆனாலும் அந்த மாவுக்குள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆள் கை வைக்காமல் ஒரு வேலை நடக்கும் என்பதை டன் கணக்கில் கூலி வாங்கிய என் மூளையால் ஏற்கவே முடியவில்லை. கையை எடுத்தால் எங்கள் வேலை அந்த நொடியே நின்றுவிடும்.

இரண்டாவது திங்கட்கிழமை பக்கெட் எங்களுக்கும் வந்தது. உங்கள் அம்மா உன்னைப் பிடித்துக்கொள்ள, நான் ஊறிய துணியின் நுனியைத் தேடிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். கடைசிச் சுற்று போனதும் உன் கால் வெளியே வந்தது. தோல் ஊறி வெளுத்து, சுருக்கம் விழுந்து, அப்போதுதான் இரண்டாவது தடவை பிறந்த மாதிரி இருந்தது. அது கொஞ்சம் மாறியிருந்தது. நிஜமாகவே மாறியிருந்தது. உள்ளே சுருண்டிருந்த பாதத்தின் மடிப்பு விரிந்திருந்தது. நான் குனிந்தபடியே இருந்ததைப் பார்த்து உங்கள் அம்மா, "இன்னாயா, மூச்சு வுடு" என்றாள்.

அந்த ஆச்சரியத்தில்தான் நான் டாக்டரிடம் பேரம் பேசினேன். வாரத்துக்கு ஒன்று என்று ஏன் வைத்திருக்கிறீர்கள், நாங்கள் வியாழக்கிழமையும் வருகிறோம், இரண்டு கட்டாகப் போட்டுவிடுங்கள், பாதி நாளில் முடிந்துவிடும், உங்களுக்கும் சீக்கிரம், எங்களுக்கும் சீக்கிரம் என்றேன். கூலி வேலைக்காரன் புத்தி அப்படித்தான் போகும். இரண்டு நடை அடித்தால் இரண்டு நடைக்கான சுமை இறங்கும் என்று நினைப்போம். வாசலில் நின்ற பூந்தமல்லி அம்மா, "இன்னா அண்ணா, டபுள் ட்ரிப்பா?" என்றாள். அறைக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. உன் காலை விடாமல் பிடித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"நான் இழுக்கறது ஒரு நிமிஷம்தாங்க. மிச்சத்தை அதுவே செய்யுது. உள்ள இருக்கிற நரம்பு, சதை எல்லாம் புது இடத்துக்குப் பழகிக்கணும். அதுக்கு நான் இங்க ஒரு வாரம்னு வெச்சிருக்கேன். நடுவுல நாம தொந்தரவு பண்ண வேணாம்."

நான் சரி என்று தலையாட்டினேன். வேகமாக முடித்துக் கொடுப்பதற்கு அதிகக் காசு கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். வேகம் விற்பனைக்கே இல்லாத இடத்துக்கு நான் அதுவரை போனதில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை வந்தது. உங்கள் அம்மாவுக்குத் தையல் ஆறிவிட்டது. தனியாகவே எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நானும் காலையிலேயே குளித்துவிட்டு, தோளில் போடும் சாக்கைச் சுருட்டிக் கேரியரில் வைத்து, சைக்கிளை எடுத்தேன். கிளம்பும்போது உன் கட்டின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். டொக் டொக் என்றது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வழக்கம்போல இரண்டு பக்கமும் சைக்கிளும் மீன்பாடி வண்டியும் நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லாரும் குனிந்து நுழைய இடம் பார்த்தார்கள். நானும் எப்போதும் அப்படித்தான் நுழைவேன். அன்று நிஜமாகவே நின்றேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்த வராந்தாவில் கட்டுப் பிரிப்பார்கள். கால் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும். அதை அவள் பார்ப்பாள். நான் கம்பிக் கட்டைத் தோளில் வைத்திருப்பேன். உடனே புதுக் கட்டுப் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் கால் மூன்றாவது வாரத்தில் எப்படி இருந்தது என்பதை நான் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. கட்டு எல்லாம் முடிந்த பிறகு இருக்கும் காலைத்தான் பார்ப்பேன்.

சைக்கிளைத் திருப்பினேன். யோசித்துத் திருப்பினேன் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். கை திருப்பிவிட்டது. ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். உங்கள் அம்மா பிளாட்பாரத்தில் உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாயா, இங்க வந்து நிக்கற? லோடு இல்லியா?"

"கீது."

"அப்புறம்?"

"பாக்கணும்."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. "நான் பாத்துட்டு வந்து சொல்ல மாட்டனா?" என்றாள்.

"சொல்லுவ. நான் பாக்கணும்."

"உன் எடம் போயிடும்யா."

நான் உன்னை அவள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன். ட்ரெயின் வந்துவிட்டது. ஏறினோம். பேசின் பிரிட்ஜ் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்த காலை நான் எழுதிக் காட்ட முடியாது. விரல்கள் முன்பக்கம் வந்திருந்தன. ஐந்தும். வலது கால் எந்தத் திசையைப் பார்த்ததோ அதே திசையை இடதும் பார்த்தது. அதுவரை உனக்கு இரண்டு கால் இருந்தது, ஆனால் ஜோடி இல்லை. நான் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, உள்ளே பெயர் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். என் இடத்தில் தண்டையார்ப்பேட்டைப் பையன் ஒருவன் லாரி மேலே நின்றுகொண்டிருந்தான். நல்ல தோள். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் கையை விரித்தார். சொன்னேன் அல்லவா என்பது போல. கோபம் இல்லை. எனக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை.

பாய்தான் விடவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, உன் சம்சாரத்துக்கு இன்னும் உடம்பு தேறவில்லையா என்று விசாரித்தார். தேறிவிட்டது என்றேன்.

"அப்ப அதுவே போயிருக்கலாம்ல தோஸ்து? நீ இன்னாத்துக்குப் போனே?"

 நான் என் இடது கையை நீட்டினேன். மணிக்கட்டை மடக்கி, விரல்களைச் சுருட்டி, முதல் நாள் உன் கால் எப்படி இருந்தது என்று காட்டினேன். அப்புறம் கொஞ்சம் விரித்து, இரண்டாவது வாரம் இப்படி என்றேன். மறுபடியும் திருப்பி, நேற்று இப்படி வந்தது என்றேன். பாய் பீடியை வாயில் வைத்தவர் இழுக்கவில்லை.

"காட்டு, இன்னொரு தபா."

மறுபடி காட்டினேன். செட்டில் மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். புதுப் பையனும் லாரியிலிருந்து குதித்து வந்தான். எதால் அடித்துத் திருப்புகிறார்கள் என்று ஒருவன் கேட்டான். அடிப்பதில்லை, கட்டை விரல்தான் என்றேன். அவன் நம்பவில்லை. என் கையைப் பிடித்து, டாக்டர் வைத்த இடத்தில் வைக்கிறேன் பார் என்று அவன் கட்டை விரலை வைத்துப் பார்த்தான். வலி உயிர் போயிற்று. இரும்பு தூக்குகிற கை அது. எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தை தூங்கும்போதுகூடத் திரும்பிக்கொண்டா இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் பாய் என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்து, "அல்லா" என்றார்.

அந்தத் தடவை அவர் எத்தனை லாரி என்று கேட்கவில்லை.

ஆனாலும் லாரி நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரி கைதட்டினார், எல்லாரும் ஏறிவிட்டார்கள். என் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. நான் மார்க்கெட்டின் பின்பக்கம் பழைய இரும்பு பிரிக்கும் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். அங்கே டன் கணக்கு இல்லை, நாள் கூலி. செட்டில் வருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். திங்கட்கிழமைக்கு அங்கே தனி விலை கிடையாது. அதனால் மிச்சக் கட்டுகள் எல்லாவற்றுக்கும் போனேன். ஒன்றையும் விடவில்லை.

கடைசியில் குதிகால் மட்டும் இறங்காமல் நின்றது. டாக்டர் பின்பக்கத்து நரம்பில் ஒரு சின்ன வெட்டு வைத்தார். நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதன் மேல் போட்ட கட்டு மட்டும் மூன்று வாரம் இருந்தது. அப்புறம் இரண்டு ஷூவையும் ஒரு கம்பியால் இணைத்த அந்தச் செருப்பு. ஆரம்பத்தில் ராப்பகலாகப் போட்டாய், பிறகு தூங்கும்போது மட்டும். அது உனக்கே நினைவிருக்கும். நீ தூக்கத்தில் அதைச் சுவரில் இடிக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சின்னவனே, நீ பிறந்தபோதும் அக்கா அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் செட்டில் மறுபடி இடம் கிடைக்க எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலே ஆயிற்று. அந்தக் காலத்தில் குறைந்த கூலியை எல்லாம் கூட்டினால், தனியார் டாக்டர் ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையைத் தாண்டியிருக்கும். கம்மல் கடைசியில் அடகுக்குப் போகத்தான் போயிற்று. அதை மீட்ட அன்று உங்கள் அம்மா காதில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மாந் துட்டு குடுத்து ஒரு படம் பாத்தியே, நல்லா இருந்துச்சா?" நல்லா இருந்தது என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கட்டுப் போட்டால் போதும், நான் போகாவிட்டாலும் உன் கால் சரியாகித்தான் இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் அங்கே உட்கார்ந்திருந்ததால் உன் பாதம் ஒரு நூல் அளவுகூட அதிகமாகத் திரும்பவில்லை. அந்தத் திங்கட்கிழமைகளைக் கொடுத்து நான் உனக்கு எதையும் வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. என் நேரத்துக்கு விலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், தெரிந்தே அதை அப்படிக் கொட்டிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் கையை மடக்கித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

நீ கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தாய். அது ஒரு மழைக்காலத்துக் காலை. நான் பழைய இரும்பு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டித் துடைப்பதற்குள் நீ அம்மாவின் கையிலிருந்து நழுவி, ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து என்னிடம் வந்தாய். நான் உன்னைத் தூக்கிய பிறகுதான் தரையைப் பார்த்தேன். வலது, இடது, வலது, இடது என்று ஈரத் தடம். இடது தடம் வலதைவிடக் கொஞ்சம் சின்னது. ஆனால் முழுசாக இருந்தது. குதிகால் உருண்டையாக, நடுவில் வளைவு, மேலே ஐந்து விரல் பொட்டு. அந்தக் குதிகால் ஒரு காலத்தில் தரையையே பார்த்திருக்க முடியாத குதிகால்.

உங்கள் அம்மா துணியை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தாள். கொஞ்சம் இரு என்றேன். அவளும் பார்த்துவிட்டாள். துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மழைநாள் ஆனதால் தரை சீக்கிரம் காயவில்லை. தடம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே வாங்கியது. முதலில் விரல்கள் போயின, அப்புறம் வளைவு. குதிகால்தான் கடைசி வரைக்கும் இருந்தது. நேரமாகிவிட்டது, அன்றைக்குப் பாதி நாள் கூலிதான் தருவார்கள் என்று தெரியும். அது முழுசாகக் காய்ந்த பிறகுதான் சைக்கிளை எடுத்தேன்.